சுவருக்கு அந்தப் பக்கம் நான் செய்த துப்புரவு

கல்லறைத் தோட்டத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எதைச் செய்யக்கூடாதோ அதை நான் சேர்ந்த முதல் வருடத்திலேயே, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழுதாகச் செய்து முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை புதிதாகச் செய்வதற்கு எனக்குத் தப்பு எதுவும் மிச்சமில்லை.

அதற்கு முன்னால் நான் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். என் ஸ்டோரில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கேட்ட போல்ட்டும் கேட்ட பெல்ட்டும் கிடைக்கும் என்று பேர் வாங்கியிருந்தேன். மில்லை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து அரிசி டப்பா, பருப்பு டப்பாவை எல்லாம் உயரப்படி அடுக்கி, என் வீட்டுக்காரர் எதை எடுத்தாலும் அதட்டிக்கொண்டிருந்தேன். அவர்தான் பொறுக்க முடியாமல் பங்குச் சாமியாரிடம் போய், இவளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கெஞ்சினார். கல்லறைத் தோட்டத்தை மேற்பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் இறந்து, அதே தோட்டத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டிருந்தார். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் 'அம்மா சர்ச் ஆபீசில் இருக்கிறார்' என்று சொன்னால் போதும் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் பொறுப்பில் இருப்பவர்கள் யாரும் பெல்ட் வரவில்லை, பாபின் வரவில்லை என்று எழுந்து வந்து புகார் சொல்லப் போவதில்லை என்ற நிம்மதியே பெரிதாக இருந்தது.

நம் தோட்டத்தைப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டு சிலர் வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதற்காக அதன் சரித்திரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாசலை ஒட்டி, மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்க் காய்ச்சலில் இறந்த பிரெஞ்சுக்காரச் சாமியார்கள். அடுத்து, தண்டவாளம் போட வந்த அயர்லாந்துக்காரர்கள், மில்லுக்கு இன்ஜின் பூட்ட வந்து ஊர் திரும்பாமலே போன ஒரு வெள்ளைக்காரர், போத்தனூர் ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், மூக்கு உடைந்த பளிங்குத் தேவதைகள். பிறகு கன்னியாஸ்திரிகள், ஒரே அளவுச் சிலுவைகளோடு, பள்ளிக்கூட வரிசை மாதிரி. அதற்குப் பின்னால் கிரானைட் போட்ட குடும்பக் கல்லறைகள். என் தாத்தாவும் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்கள், பெயரும் ஊரும் பொன்னெழுத்தில். அதோடு என் சரித்திரம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் சுவர்.

சுவர் என்றால் இப்போது சுவர் இல்லை. இடுப்பளவு இருந்த அதை நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே இடித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் யார் படுக்கலாம், அந்தப் பக்கம் யார் படுக்கலாம் என்று பிரிப்பதற்காகக் கட்டியது. என்ன கணக்கில் பிரித்தார்கள் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நம் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். காடு தோட்டத்தில் கூலிக்குப் பாடுபட்டவர்களும், அவர்களுக்குப் பிள்ளைகளாகப் பிறந்து மில்லுக்கும் பட்டறைக்கும் போனவர்களும் அந்தப் பக்கம். இடித்தவர்கள் அஸ்திவாரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கல் வரிசையில் நான் மூன்று முறை தடுக்கி விழுந்திருக்கிறேன். ஜனங்கள் இன்னமும் 'செவுத்துக்கு அக்கட்டால' என்றுதான் சொல்வார்கள். அங்கே பெயர் பொறித்த கல் அநேகமாகக் கிடையாது. பெயரே இல்லாத இடத்தில் என்ன சரித்திரம் இருக்கப் போகிறது என்று நினைத்த பெரிய அறிவாளி நான்.

அங்கே இருந்ததெல்லாம் மண் மேடுகள். மழையில் கரைந்து கரைந்து பாதிக்கு மேல் தரையோடு தரையாகியிருந்தன. அவற்றின் மேலும் நடுவிலும் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே குப்பை. தண்ணீர்ப் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் சக்கரங்கள் இரண்டு மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. துருப்பிடித்த பேரிங் வளையங்கள், உடைந்த சீமை ஓடு, சிமென்டில் பதித்த கண்ணாடி வளையல்கள், கவிழ்த்து நட்ட சோடா பாட்டில், மாவாட்டும் கிரைண்டரின் குழவிக்கல், விசைத்தறி நாடா. நாடா என்பது தறியில் ஊடை நூலைத் தூக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடுகிற, குட்டிப் படகு போன்ற மரக்கட்டை. இவையெல்லாம் இங்கே எப்படி வந்தன என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. ஸ்டோர் கீப்பருக்குப் பழைய உதிரி பாகத்தைப் பார்த்தால் ஒரே ஒரு நினைப்புத்தான் வரும்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஆயரே வந்து கல்லறைகளை மந்திரிப்பதாகச் சொல்லியிருந்தார். உங்களில் பிற மதத்துப் பிள்ளைகளும் இருப்பதால் சொல்கிறேன்: நவம்பர் பிறந்ததும் வருகிற அந்த நாளில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிப் பக்கத்தில் நிற்கும். குருவானவர் வரிசை வரிசையாகப் போய்த் தீர்த்தம் தெளிப்பார். பங்குச் சாமியாரும் மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவர் 'பின்பக்கத்தையும் கொஞ்சம் சுத்தம் பண்ணிருங்கம்மா' என்று போகிற போக்கில் சொன்னார். கொஞ்சமாகச் சுத்தம் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியாது.

ஆள் வைத்துப் புல்லைச் செதுக்கினேன். மேடு பள்ளத்தை மண்வெட்டியால் இழுத்துச் சமப்படுத்தினேன். கிடந்த அத்தனையையும் பொறுக்கி, இரும்பு தனி, கல் தனி, கண்ணாடி தனியாக, கருவிக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினேன். குழி வெட்டும் அந்தோணி அண்ணன் என்னைவிட உற்சாகமாக உதவி செய்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தக் கொழவிக்கல்ல நான் ஊட்டுக்கு எடுத்துக்கட்டுங்களா? காத்துக்குக் கதவு அடிச்சுக்குது, முட்டுக் குடுக்க ஆகும்."

"தாராளமா எடுத்துக்கங்கண்ணா. சுத்தமானாச் சரி."

முடித்துவிட்டு அஸ்திவாரக் கல்லின் மேல் நின்று பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முழுவதும் பந்து விளையாடும் மைதானம் போல் சமமாக இருந்தது. அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் என் பருப்பு டப்பாக்களைப் பார்க்கிற முகத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் முதல் ஆளாக ஒரு பெரியவர் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தார். மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நேராகப் பின்பக்கம் போனவர் அஸ்திவாரத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டார். வாளியைக் கீழே வைக்கவில்லை. வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க அம்மணி," என்றார், "எங்க ஊட்டுக்காரி எங்கீங்க?"

"இங்கதானுங்க இருப்பாங்க. எங்க போயிரப் போறாங்க?" என்றேன் நான். பெருமை இன்னும் இறங்கவில்லை எனக்கு.

"இல்லீங்க. ஒரு கொழவிக்கல்லு நட்டிருந்தேனுங்க. மாவாட்டி வித்துத்தான் எங்க கொழந்தைகளைப் படிக்க வெச்சா. அவ கிரைண்டர்க் கல்லுங்க அது. அதைக் காணமுங்க."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் வாளியைப் பிடித்தபடியே, நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக, மரியாதையாக நின்றார். இம்பெல்லர், பேரிங், வளையல், சோடா பாட்டில் எல்லாம் என்ன என்பது அந்த ஒரு கல்லிலிருந்து எனக்குத் தெரிந்துபோயிற்று. கல் வெட்ட வசதி இல்லாதவர்கள், கல் வைக்க இடம் கொடுக்கப்படாதவர்கள், இறந்தவரின் கை தொட்ட பொருளைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். பம்பு வார்த்தவனுக்கு இம்பெல்லர், தறி ஓட்டியவனுக்கு நாடா. அதையெல்லாம் நான் ரகம் பிரித்து அடுக்கி வைத்திருந்தேன்.

பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது, நாள் இருந்தது. இடம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'பின்பக்கம்' என்று ஒரே சொல். அந்தோணி அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா, யாரு எங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"எனக்குக் குழி வெட்டத்தானுங்க தெரியும். மூடிப்போட்டா எல்லாம் மண்ணுதானுங்க அம்மணி," என்றார் அவர். பிறகு குழவிக்கல்லை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்.

பங்குச் சாமியார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கடைசி நாள்ல ஆண்டவரு வந்து இவங்களை எழுப்புறதுக்கு முன்னாடி நீங்களே எடம் மாத்திப்போட்டீங்களாக்கும்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என் யோசனையைச் சொன்னேன். நான் ஸ்டோர் நடத்தினவள் அல்லவா, எண் போட்டு ஆளுக்கு ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்துவிடலாம், எங்கே நின்று ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்காதா என்று.

"ஆண்டவருக்குக் கேக்கும்," என்றார் சாமியார். "நீங்க ஒதுக்குற எடத்துல ஏற்கெனவே ஒருத்தர் படுத்திருப்பாரே, அவங்க ஊட்டுக்காரங்க வந்தா எங்க ஒதுக்குவீங்க?" அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவும் இல்லை, வழியும் சொல்லவில்லை. "நாளைக்குப் பொழுதோட ஆயர் வந்துருவாரு. அதுக்குள்ள எதைச் செஞ்சாலும் பொய் சொல்லாமச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். அப்போது அது எனக்குப் பெரிய உதவியாகத் தெரியவில்லை.

மத்தியானம் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கருமத்தம்பட்டியில் நாலு தறி போட்டு ஓட்டுகிற குடும்பம். தறிச் சத்தத்தில் பழகியவர்களுக்கு இருக்கிற உரத்த குரல். என்ன செய்தேன் என்று நான் தடுமாறிச் சொன்னதும் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குவியலுக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையைவிட்டு ஒரே துழாவலில் நாடாவை எடுத்துவிட்டார். தூசியைச் சேலையில் துடைத்தார்.

"இதுதானுங்க. எம் பையனுது. இது எங்க நட்டிருந்துச்சுங்க அம்மணி?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அவருடைய முதல் குழந்தை, நடக்கப் பழகின வயதில், இங்கே பெரியாஸ்பத்திரியில் இறந்துபோயிருக்கிறது. உயிரில்லாத குழந்தையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றிருக்கிறார்கள், கார் வைக்க வழியில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த கன்னியாஸ்திரி ஒருவர் நம் தோட்டத்தில் இடம் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது தறியை விற்றுவிட்டு மகளோடு பெங்களூருக்குப் போகிறார்கள். இனி வர முடியுமோ முடியாதோ, ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நான் எந்த இடத்தைக் காட்டினாலும் நம்புவார். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். திரும்பி வரப் போவதில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

என் விரல் எழுந்தேவிட்டது. வேப்பமரத்துக்குப் பக்கம் ஒரு நல்ல நிழலான இடமாகக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அப்போது அவர் நாடாவைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல இருந்தார். எழுந்த விரலால் காதைச் சொறிந்துகொண்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அந்தச் சொறிதல்தான்.

"தெரியலீங்க," என்றேன். "எனக்குத் தெரியலீங்க. நாளைக்கு எல்லாரும் வருவாங்க. எப்படியாவது கண்டுபிடிக்கிறேன். ஒரு நாள் இருங்க."

"நாளைக்கா?" என்று தயங்கினார். அவருடைய தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. திருநாள் எல்லா ஊரிலும் ஒரே நாள். அன்றைக்கு அவர் கருமத்தம்பட்டியில் மாமனார் மாமியாருக்கு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், மருமகள் இல்லாவிட்டால் பேச்சு வரும். அதனால்தான் இத்தனை வருடமும் வேறு ஏதாவது ஒரு நாளில், யாரும் இல்லாத நேரத்தில், மகனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் புருஷனுக்கு போன் போட்டு, "அப்பனாத்தாளுக்கு நீங்களே வெச்சுருங்க, நான் நாளைக்கு வாரேன்" என்றார்.

அவரை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"அங்க நான் மாமியாருக்கு வெளக்கு ஏத்தறப்ப எல்லாம் இங்கத்த நெனப்புதானுங்க. அத்தன பேருக்கும் வெளக்கு எரியும், எம் பையன் மட்டும் இருட்டுக்குள்ள கெடப்பானேன்னு. கொழந்தைங்க, இருட்டுன்னா பயந்துக்குவான். அதை நெனச்சா அன்னிக்குச் சோறு எறங்காதுங்க."

எனக்கும் அன்றைக்கு இறங்கவில்லை.

மறுநாள் பங்கு மன்றத்தில் இருந்த பெரிய பவானி ஜமக்காளத்தை வாசலில் விரித்து, குவியலில் இருந்த அத்தனையையும் அதன் மேல் பரப்பினேன். பார்ப்பதற்கு உக்கடத்துப் பழைய இரும்புக் கடை போலவே இருந்தது. பின்பக்கத்துக் குடும்பங்கள் வர வர, ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். திட்டியவர்கள் திட்டினார்கள். அதிலும் நம் ஊர்க்காரர்கள் திட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். "உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?" என்று ஒவ்வொன்றிலும் 'ங்க' போட்டுத்தான் திட்டினார்கள். ஒருவர் இரண்டு இம்பெல்லரையும் மாற்றி மாற்றி எடை பார்த்து, "எங்கப்பனுக்கு இதைவிடப் பெருசா வெச்சிருந்தமுங்க" என்று சாதித்தார். பொருள் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. கிடைத்து என்ன? ஆளாளுக்குக் கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரத்தில் ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் ஒரு சண்டை. சாம்பிராணிச் சட்டியோடு வந்த ஓர் அக்காவைப் பார்த்து, இம்பெல்லர்காரர் எரிந்து விழுந்தார்.

"இந்த வருசமாச்சு சட்டியை அக்கட்டால வையுங்கக்கா. வருசா வருசம் உங்க பொகை முழுக்க எம் மூஞ்சிலதான் அடிக்குது."

"காத்து அப்படி அடிச்சா நான் என்னங்க பண்றது? நீங்க எங்களுக்கு மேக்கால நிக்கறீங்க, பொகை வரத்தான் செய்யும்."

"நான் நிக்கற எடத்துலதானுங்க நிக்கறேன். எங்க பொறத்தால இந்தச் சுண்ணாம்பு வாளிக்காரர் நிப்பாரு, நகர முடியுமா?"

நான் அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலில் கத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க. கல்லறையத் தேடாதீங்க. வருசா வருசம் உங்க பக்கத்துல யாரு நிப்பாங்களோ அவங்களைத் தேடுங்க. போன வருசம் நின்ன மாதிரியே போய் நில்லுங்க."

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு சாம்பிராணி அக்கா வேப்பமரத்தை ஒரு கண் பார்த்துவிட்டு நடந்து போய் ஓரிடத்தில் நின்றார். "இங்க நின்னா மரத்து நெழலு எங்க கால்ல உழுகுமுங்க." அவருக்கு மேற்கே, முகத்தைச் சுளித்தபடி இம்பெல்லர்காரர். அவருக்குப் பின்னால் பெரியவர் வாளியை வைத்தார், அந்தோணி அண்ணன் குழவிக்கல்லைத் தோளில் சுமந்துகொண்டு அவர் பின்னால். "அண்ணா, இன்னுஞ் சித்தே தள்ளி, நீங்க குனிஞ்சா எம் முதுகு இடிக்குமில்ல" என்று ஒரு குரல். "எங்க பாப்பா உங்க வாளிய ஒதைக்குமே, அந்தளவுதான்" என்று இன்னொரு குரல். போன வருடம் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், யாரிடம் தீப்பெட்டி கடன் கேட்டார்கள், யாருடைய மெழுகு யார் சேலையில் சொட்டியது என்பதெல்லாம் அவர்களுக்கு மறக்கவே இல்லை. தப்பாக நின்றவர்களைப் பக்கத்தில் இருப்பவர்களே இழுத்துச் சரியான இடத்தில் விட்டார்கள். நான் கலைத்துப்போட்டதை அவர்கள் தங்கள் உடம்பாலேயே திரும்ப வரைந்தார்கள்.

அதற்குள் ஆயர் வந்துவிட்டார். தீர்த்தச் செம்போடு அஸ்திவாரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, "என்ன நடக்குது?" என்று சாமியாரிடம் கேட்டார். "ஜனங்க அவங்கவங்க எடத்துக்கு வந்துட்டிருக்காங்க ஆண்டகை," என்றார் சாமியார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வரிசைகள் சேர்ந்துவந்தபோது நடுவில் ஓரிடம் மட்டும் காலியாக நின்றது. இந்தப் பக்கம் சாம்பிராணி அக்கா குடும்பம், அந்தப் பக்கம் பேரிங் வளையம் வைத்திருந்த ஒரு லேத் பட்டறைக்காரர் குடும்பம். இடையே கை நீட்டினால் தொடுகிற அளவுக்கு இடம். ஆயர் நடக்க வழி வேண்டுமே என்று நான் போய், "நெருங்கி நில்லுங்க" என்றேன். இரண்டு பேரும் அசையவில்லை.

"அது எங்களுதில்லீங்க. அவங்களுது," என்றார் அக்கா.

"எங்களுதா?" என்றார் பட்டறைக்காரர். "ஏனுங்க, அது உங்க ஊட்டுக் கொழந்தை இல்லீங்களா?"

"எங்க ஊட்டுல ஏதுங்க கொழந்தை? நீங்கதான் அதைக் கண்டுக்காம உட்டுட்டீங்கன்னு, பாவமே, சின்னக் குழியாச்சேன்னு வருசா வருசம் ஒரு மெழுகுவத்தி சேத்து வாங்கிட்டு வந்து நான் வெச்சுட்டிருக்கறேன்."

"அட, நாங்களும் அதேதானுங்க வெக்கறோம். நீங்க எங்களைக் குத்திக்காட்டத்தான் வெக்கறீங்கன்னு நெனச்சு, உங்களுக்கு ரோசம் வரட்டும்னு இன்னும் பெருசா வாங்கி வெப்போம்."

சின்னக் குழிகளை வேறொருவரைப் புதைப்பதற்காக மறுபடி திறப்பதில்லை என்பது இங்கே வழக்கம், அதனால் அது அப்படியே இருந்திருக்கிறது. "அது மேல என்ன நட்டிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தறி நாடாங்க," என்றார்கள் இருவரும் ஒன்றாக.

கருமத்தம்பட்டிப் பெண்மணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இந்த நாளில் இங்கே அவர் நின்று பழக்கமில்லை, யார் பக்கத்தில் போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஓடினேன். நடுவில் அஸ்திவாரத்தில் தடுக்கி நாலாவது முறையாக விழுந்தேன், ஆயர் முன்னிலையில். எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

அந்த இடைவெளியில் அவர் முழங்காலிட்டார். நான் சமப்படுத்திய மண்ணைக் கையாலேயே தோண்டி நாடாவை நட்டார். இரண்டு வீட்டாரும் தாங்கள் கொண்டுவந்திருந்த மெழுகுவத்தியை, ஆளுக்கொன்றாக, வெட்கத்தோடு நீட்டினார்கள். நடந்ததை அக்காதான் அவருக்குச் சொன்னார்.

"ரெண்டுங்களா?" என்றார் அவர். "வருசா வருசம் ரெண்டுங்களா?"

"ஆமாங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணு. உங்க பையனுக்கு ரெண்டு."

அவர் அழவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்கள்தான் அழுதோம், அந்தோணி அண்ணன் உட்பட.

"இனி அம்மா இருக்கறீங்க, நீங்களே வெச்சுக்குவீங்க," என்று பட்டறைக்காரர் விலகப் பார்த்தார். அந்தப் பெண்மணி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்திராதீங்கண்ணா. நான் தூரமாப் போறனுங்க. நீங்க அவங்களைத் திட்டிட்டே வெச்சாலும் சரி."

இப்போது அங்கே எண் பலகை வந்துவிட்டது, போனில் பார்த்தால் வரிசையும் இடமும் தெரிகிறது. நல்லதுதான், நானே கேட்டு வாங்கியது. ஆனால் குழவிக்கல்லும் இம்பெல்லரும் அங்கேயேதான் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை, ஓய்வு பெற்ற பிறகும், நான் அஸ்திவாரத்தைத் தாண்டியும் கூட்டிப்போய் நம் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்கிறேன். பளிங்குத் தேவதைகளிடம் செலவழிக்கிற நேரத்தைவிட அங்கே அதிக நேரம் ஆகிறது. உங்களுக்கும் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கை அரிக்கும். அப்படி அரித்தால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் டப்பாக்களை அடுக்குங்கள்.

அந்தத் திருநாளன்று கருமத்தம்பட்டிப் பெண்மணியை பஸ் ஏற்றிவிடப் போனேன். அவினாசி ரோடு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு நான் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எதையும் சொல்ல விடவில்லை.

"அம்மணி, நீங்க அதையெல்லாம் எடுத்துப்போட்டது நல்லதாப் போச்சுங்க. இல்லீனா அவன் இருட்டுல கெடக்கறான்னே நெனச்சுட்டுச் செத்துப்போயிருப்பேன்."

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான். அதே வழியில் வாங்கப் பார்க்காதீர்கள், எல்லாருக்கும் அந்தக் கருமத்தம்பட்டி அம்மா வர மாட்டார்.